மூன்று டை போதும் என்றேன்

நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த கடையில் இப்போது என் இடத்தில் நிற்பவர் பீற்றர். போன மாசியில் அவர் தொலைபேசி எடுத்தார். "சாம், புதிதாக வீட்டில் துப்பாக்கி ரவை கட்டத் தொடங்குகிற ஆட்களுக்கு எந்த டை வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்று நாலு பக்கம் எழுதித் தாரும். எல்லோரும் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். வந்து எனக்கே வகுப்பு எடுக்கிறார்கள்" என்றார். சரி என்றேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் மளமளவென்று ஓடியது. மூன்றாவது டைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த நாலு பக்கத்தை நான் பீற்றருக்கு இன்னும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இதைத் தமிழில் எழுதுகிறேன்.

லண்டனில் லூயிஷாம் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கு நான் பூட்டுத் திருத்துகிறவன். அப்படித்தான் என் மனைவி கோயிலில் சொல்லி வைத்திருந்தாள். இதனால் வந்த தொல்லை கொஞ்சமல்ல. கதவு இறுகினால், சூட்கேஸ் திறபடாவிட்டால், எல்லோரும் என்னிடம் வருவார்கள். கடைசியில் நான் உண்மையாகவே பூட்டுத் திருத்தப் பழகிக்கொண்டேன். ஆனால் என் சம்பளம் வந்தது துவக்குக் கடையிலிருந்து, அதாவது துப்பாக்கிக் கடையிலிருந்து.

அதை மறைக்க எனக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் கடைசல் பட்டறையில் வேலை செய்தவன். ஒருநாள் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் என் காற்சட்டைப் பையில் ஒரு பித்தளைத் துண்டு அகப்பட்டது. அது தண்ணீர்ப் பம்புக்குக் கடைந்த புஷ் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தப் பதினெட்டு நாள் பிடித்தது. அந்தப் பதினெட்டு நாளைப் பற்றி எழுத மாட்டேன். லண்டனுக்கு வந்து, கடைசல் வேலை தெரிந்தவன் தேவை என்று ஒரு கடையில் போட்டிருந்ததைப் பார்த்துப் போனால், அங்கேயும் பித்தளை. பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்து, சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை கிடைத்தது. அந்த நாட்களில் ஒரு தமிழன் ரவை கட்டும் சாமான் விற்கிறான் என்று தெரிந்தால், இந்தப் பக்கத்தில் பொலிஸ் சந்தேகப்படும், அந்தப் பக்கத்தில் இயக்கத்து ஆட்கள் உதவி கேட்டு வருவார்கள். இரண்டுக்கும் எனக்குப் பயம். "ஆருக்கும் மூச்சு விடாதையுங்கோ" என்றாள் மனைவி. நானும் விடவில்லை.

இந்த நாட்டில் பொதுமக்கள் கையில் கைத்துப்பாக்கி இல்லாமல் போய் வெகு காலம். ஆனால் கைத்துப்பாக்கிக்கென்று செய்த ரவை போகவில்லை. அதே ரவையைச் சுடும் லீவர் ரைபிள்கள் உண்டு. லைசென்ஸ் உள்ளவர்கள் அவற்றைக் கொண்டுபோய்க் கிளப்பில் கடதாசி இலக்கைச் சுடுவார்கள். கடையில் ரவை வாங்கினால் விலை கடிக்கும் என்பதால், சுட்டபின் மிஞ்சும் வெறும் பித்தளைக் கோதைப் பொறுக்கி வந்து வீட்டில் மறுபடியும் கட்டுவார்கள். அதற்குத்தான் டை.

டை என்றால் இங்கே கழுத்தில் கட்டுவது அல்ல. கட்டைவிரல் மொத்தத்தில் ஓர் உருக்கு உருளை, உள்ளே துளை. அதை மேசையில் பூட்டிய கைப் பிரெஸ்ஸின் தலையில் திருகிப் பூட்டிக் கைபிடியை இழுத்தால், கோது கீழிருந்து ஏறித் துளைக்குள் போய் வரும். முதல் டை, சுட்டு வீங்கிய கோதை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரையும் தள்ளிவிடும். இரண்டாவது, கோதின் வாயை ஒரு மயிரிழை விரிக்கும். மூன்றாவது, வாயில் வைத்த சன்னத்தை, அதாவது இலக்கை நோக்கிப் பறக்கும் குண்டை, தேவையான ஆழத்துக்கு உள்ளே தள்ளும். அந்த மூன்றாவது டைக்குள் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. சன்னத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். கோதின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் மடித்துப் பிடிக்க வேண்டும். அதைக் கிரிம்ப் என்போம். நாலாவது டை அந்த மடிப்பை மட்டும் தனியாகச் செய்வது.

கடைக்காரர் பெயர் ஹார்வி. கழுத்துப்பட்டி பிரெஸ்ஸில் மாட்டாதபடி அதைச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு உள்ளே செருகியிருப்பார். சத்தம் போட மாட்டார். "பிழை" என்ற சொல்லே அவரிடம் கிடையாது. நாம் கட்டிய ரவையைக் கையில் வாங்குவார். அதன் மூக்கை, வாங்கு என்று நாங்கள் சொல்லும் வேலைப் பலகையின் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அமர்த்துவார். சன்னம் அசையாவிட்டால் பெட்டியில் போடுவார். கொஞ்சம் உள்ளே போனால், "இன்னொருமுறை பார்ப்போம்" என்று நம் முன்னால் வைப்பார். முதல் இரண்டு மாதம் நான் கேட்டது அந்த ஒரு வசனம்தான். கேட்டுக் கேட்டு எனக்குக் கனவிலும் வந்தது. மூன்றாவது மாதம் பெட்டியில் விழத் தொடங்கியது.

அவருடைய கடையில் ஒரு விதி. முதல்முறை டை வாங்குகிறவர், பின்னறை வாங்கில் இருந்து, தான் வாங்கிய டையைத் தானே பூட்டி, ஆறு பொய் ரவை கட்ட வேண்டும். மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. ஆறும் அந்தக் கட்டைவிரல் சோதனையில் நின்றால்தான் டைப் பெட்டி வாசல் தாண்டும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கோபித்துக்கொண்டு போய், வேறு கடைகளில் விசாரித்துவிட்டு, மறுகிழமை நல்ல பிள்ளையாக வந்து வாங்கில் இருந்தார். முடிந்ததும் ஒரு கொப்பியில் வாங்கியவர் பெயர், திகதி, "ஆறு" என்ற எண், கற்றுக்கொடுத்தவரின் முதலெழுத்து. திங்கட்கிழமை காலையில் ஹார்வி முதலில் திறப்பது அந்தக் கொப்பியைத்தான்.

டை தெரிவு செய்வதில் பெரிய மந்திரம் இல்லை. வெறும் உருக்கு டை வாங்கினால் ஒவ்வொரு கோதுக்கும் எண்ணெய் பூச வேண்டும். பூச மறந்தால் கோது உள்ளே இறுகிக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கார்பைட் வளையம் வைத்த டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே புதியவர் கார்பைட்டே வாங்கட்டும். கஷ்டம் மூன்றாவது டையில் இருக்கிறது. அதன் உடம்பைத் திருகினால் மடிப்புக் கூடும், குறையும். உள்ளே இருக்கும் தண்டைத் திருகினால் சன்னத்தின் ஆழம் மாறும். இரண்டையும் பிரித்து அறியாதவன், உடம்பை அதிகம் இறக்கிவிடுவான். சன்னம் இறங்கி முடிவதற்குள் வாய் மடிந்து கோது நசுங்கும். நசுங்குகிறதே என்று உடம்பை மேலே ஏற்றுவான். நசுங்கல் நிற்கும். கூடவே மடிப்பும் போய்விடும். ரவை பார்க்க அழகாக இருக்கும். அதுதான் ஆபத்து. வாங்கில் பக்கத்தில் இருந்து, "இதை விடும், அதைத் திருகும்" என்று கையைப் பிடித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் விளங்கும். வாயால் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

நான் இப்போது சொல்லப்போவது பதினாறு வருடத்துக்கு முன் ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை நடந்தது. ஹார்வி மனைவியின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். மத்தியானம் ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. பக்கத்தில் வர எள்ளெண்ணெய் மணந்தது. சனீஸ்வரனுக்கு எள் எரித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பெயர் தவராசா, விலாசம் டூட்டிங். பாதாள ரயில் ஓட்டுகிறவர். "நாள் முழுக்கக் குகைக்குள் ஓடுகிறேன். பகல் வெளிச்சத்தில் தூரத்தில் ஒன்றைக் குறி வைத்துப் பார்ப்பது நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். தமிழுக்கு மாறினார்.

"அண்ணை, உங்களைப் போன சனி கோயிலில கண்டனான். எள் எரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

பதினெட்டு நாள், மனைவியின் பேச்சு, கோயிலில் யார் யார் காதுக்கு இது போகும் என்ற கணக்கு, எல்லாம் ஒன்றாக வந்தன. "மன்னிக்க வேண்டும், எனக்கு விளங்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டையில் "சாம்" என்று பெயர் குத்தியிருந்தது. என்னை மொரீஷியஸ்காரன் என்றோ எதுவோ என்று நினைக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு அவரும் ஆங்கிலத்துக்குப் போனார். மேசையில் மூன்று டைப் பெட்டி ஒன்று, நாலு டைப் பெட்டி ஒன்று. "இந்த நாலாவது தேவையா?" என்று கேட்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும், வேறு யாராக இருந்தாலும், "வாரும், வாங்கில் இருந்து பார்த்துவிட்டு நீரே தீர்மானியும்" என்று சொல்லியிருப்பேன். வாங்கில் இருத்தினால் ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தால் என் ஆங்கிலத்துக்குள் இருக்கும் யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும். மூன்று போதும் என்றேன். கவுண்டரில் நின்றபடியே பெட்டியைத் திறந்து, டைகளைத் தூக்கிக் காட்டி, நாலு நிமிடத்தில் கடகடவென்று ஒப்புவித்தேன். அவர் தலையாட்டினார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் பில் போடத் திரும்பிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனார்.

போன பிறகு கொப்பியை எடுத்தேன். பெயர், திகதி, ஆறு, என் முதலெழுத்து. கொப்பியை மூடி வைத்தேன்.

ஆறு கிழமை கழித்து லைசென்ஸ் பகுதியிலிருந்து ஒரு பொலிஸ் பெண்மணி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பதினொரு ரவை. கிளப்பில் தவராசாவின் ரைபிள் கையில் வெடித்துவிட்டது என்றார். லீவர் ரைபிளில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். அதற்குள் ரவைகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஸ்பிரிங் நெருக்க நிற்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் அவை ஒன்றையொன்று இடிக்கும். மடிப்பு இல்லாத சன்னம், இடி வாங்க வாங்கக் கோதுக்குள் புதையும். உள்ளே மருந்துக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் அமுக்கம் ஏறும். கோது பின்னால் பிளந்து, பித்தளைத் துண்டொன்று அவர் போட்டிருந்த கண்ணாடியின் ஓரத்தால் வலக்கண்ணுக்குள் போயிருந்தது.

ஹார்வி பையிலிருந்து ஒன்றை எடுத்தார். வாங்கின் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அமர்த்தினார். சன்னம் வெண்ணெய்க்குள் போவது மாதிரிப் போனது. இன்னொன்று. அதுவும் போனது. "முதலில் கோது நசுங்கியதாம். டையை மேலே ஏற்றிய பிறகு நசுங்கவில்லையாம்" என்று அந்தப் பெண்மணி தன் குறிப்பைப் பார்த்து வாசித்தார். ஹார்வி கொப்பியை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாம், இவரை வைத்து ஆறும் கட்டுவித்தீரா?"

"ஆம்" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்கள் கடையில் முழுமையாகக் கற்பிக்கப்பட்டவர், கற்பித்ததைக் கடைப்பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பொலிஸுக்குப் போனது. கிளப்புக்கும் போனது. தவராசாவின் லைசென்ஸைப் பறித்தார்கள். கிளப் அவரை நீக்கியது. கண்ணில் பாதிப் பார்வை திரும்பி வரவில்லை. அந்தப் பார்வையோடு ரயில் ஓட்ட விடமாட்டார்கள். ஒரு ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பார்க்கும் இடத்தில் நிற்க வைத்தார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கோயிலுக்குப் போய் வந்த என் மனைவி, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆரோ ஒரு ரயில் றைவராம், துவக்கு வெடிச்சுக் கண் போயிட்டுதாம். வடிவாச் சொல்லிக் குடுத்தும் கேக்கேல்லையாம் அந்த மனிசன்." நான் சொன்ன பொய், எங்கள் ஊர்த் தமிழில், என் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவளுக்குக்கூட நான் சொல்லவில்லை.

அதன் பிறகு வாங்குப் பாடத்தில் என்னைப் போல இறுக்கமான ஆள் கிடையாது. ஆறு போதாதென்று பன்னிரண்டு கட்டுவித்தேன். தமிழர் யாராவது வந்தால் நானே முந்திக்கொண்டு, "வாங்கோ, இருங்கோ" என்பேன். மூன்று பேர்தான் வந்தார்கள், பதினாறு வருடத்தில். என் கவனத்தைப் பார்த்து ஹார்வி சந்தோஷப்பட்டார். ஓய்வு பெறும்போது அந்தக் கொப்பியை என் கையில் தந்தார். நல்லதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒளிந்துகொண்டிருந்தேன். ஹார்வி இறந்து இப்போது நாலு வருடம். செத்தவீட்டில் அவருடைய மகன் என் கையைப் பிடித்து, "அப்பா உங்களைப் போல ஒருவரையும் நம்பியதில்லை" என்றார். அந்த இடத்தில் நின்ற நிலையே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கலாம். கோபித்திருக்க மாட்டார். இன்னொரு கடிதம் எழுதியிருப்பார். அது போதும், தவராசாவுக்கு.

பீற்றருக்கு எழுதத் தொடங்கி மூன்றாவது டையில் நின்ற அன்று, கோயில் ஆட்களிடம் விசாரித்து விலாசம் எடுத்தேன். அடுத்த ஞாயிறு காலை டூட்டிங் போனேன். பலசரக்குக் கடைக்கு மேலே வீடு. கதவைத் திறந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. தடித்த கண்ணாடி. முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கடைக்கார அண்ணை எல்லோ? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."

"நான் தமிழ் எண்டு தெரியுமோ?" என்றேன்.

"அண்டைக்கே தெரியும். கோயிலில கண்டனான் எண்டு சொன்னன்தானே. ஏதோ கரைச்சலாக்கும், கதைக்க விருப்பமில்லை எண்டு நினைச்சு நான் பேசாமல் விட்டிட்டன்."

அவருடைய மனைவி மனோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் அந்தக் கடையில் நின்றவன் என்று தவராசா சொன்னதும், அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒருவகைச் சங்கடம்தான் தெரிந்தது. "அண்ணை, நீங்கள் சொல்லிக் குடுத்தும் இவர் கவனிக்காமல் விட்டவர். இவருக்கு எதையும் ரெண்டுதரம் சொல்லவேணும். பிள்ளையளுக்கும் நான் அதைத்தான் சொல்லுறனான், அப்பா மாதிரிக் காதைக் குடுக்காமல் இராதையுங்கோ எண்டு" என்றார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். தவராசா சிரித்தார். பழகிப்போன சிரிப்பு.

நான் தேத்தண்ணியைத் தொடவில்லை. வாங்கு, ஆறு ரவை, கொப்பி, ஹார்வியின் கேள்வி, என் பதில், எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. முடிந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எனக்கு நீங்கள் காட்டவே இல்லையோ?"

"இல்லை. கவுண்டரில நிண்டு கதைச்சது மட்டுந்தான். கொப்பியில பொய் எழுதினனான்."

"அதுதான் அந்தப் பாடம் எண்டு நினைச்சன் அண்ணை. கடிதத்தில முழுக்கப் படிப்பிச்சது எண்டு போட்டிருந்திச்சுது. எனக்குத்தான் உங்கட இங்கிலீஷ் பிடிபடேல்லை, வெக்கத்தில திருப்பிக் கேக்காமல் விட்டிட்டன் எண்டு நினைச்சன். பதினாறு வருசமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், எந்த இடத்தில கவனிக்காமல் விட்டனான் எண்டு."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மனோ," என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார். "கையைக் கழுவிப்போட்டு ஒருக்கா இஞ்ச வாரும்."

மனோ கையைத் துடைத்தபடி வந்து கதவடியில் நின்றார். தவராசா அவருக்குத் தன் கதிரையை இழுத்துப் போட்டார். இருக்கும்வரை பொறுத்திருந்து, என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இப்ப எனக்குச் சொன்னதை இவவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன்.